ஒரு நாள் வேலை

காலமும் வேலையும் என்ற பாடத்தில் கேட்கப்படுவது மூன்றே கேள்விகள்: எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு கூலி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 பாடத்திட்டத்தில், ‘திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும்’ என்ற பகுதியில், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கொள்ளளவு ஆகியவற்றோடு இதுவும் ஒரு வரியாக நிற்கிறது. தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். அவற்றுள் 25 வினாக்கள் இந்தப் பகுதிக்கு உரியவை. அந்த 25-இல் காலமும் வேலையும் பெரும்பாலும் ஓரிரண்டு. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண்தான். ஆனால் ஒரே மதிப்பெண்ணில் பெருங்கூட்டம் வரிசை கட்டி நிற்கும் தேர்வில் அந்த ஒன்றரையை விட்டுவிட யாருக்கும் மனம் வராது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் போட்டித் தேர்வுகளுக்காகத் தன்னார்வப் பயிலும் வட்டங்களை நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் பணியிடங்கள் 2018-இல் தொகுதி 4 தேர்வோடு சேர்ந்த பிறகு, காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு மாவட்டத்தின் பயிலும் வட்டத்தில் நாற்காலி போதாமல் வராந்தாவிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். பட்டம் வாங்கி வீட்டில் இருந்தவர்கள், பத்தாவதோடு நிறுத்தி ஐந்தாறு வருடம் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று எல்லாரும் கலந்த கூட்டம். கணக்கு எடுத்தவர் அதே தேர்வை எழுதி இளநிலை உதவியாளர் ஆனவர். இந்தப் பாடம் தொடங்கிய அன்று அவர் பலகையில் சூத்திரம் எதுவும் எழுதவில்லை. ‘ஒரு நாளில் எவ்வளவு?’ என்று எழுதிக் கீழே கோடு போட்டார். அந்த வட்டத்தில் படித்தவர்களின் நோட்டில் பாடம் அந்த வரியோடுதான் தொடங்கும்.

சுவர் எழுப்புவது, கிணறு வெட்டுவது, தொட்டி நிரப்புவது என்று வேலை எதுவானாலும் முழு வேலையை 1 என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு வேலையை 12 நாளில் முடிப்பவர் ஒரு நாளில் அதில் 1/12 பங்கை முடிக்கிறார். 18 நாளில் முடிப்பவர் 1/18 பங்கை முடிக்கிறார். இருவரும் சேர்ந்தால் ஒரு நாளில் 1/12 + 1/18, அதாவது 5/36 பங்கு ஆகும். முழு வேலைக்கு 36/5, அதாவது 7 1/5 நாள். நாட்களைக் கூட்டவே கூடாது. கூட்டக்கூடியது ஒரு நாள் வேலையை மட்டுமே. பாடம் முழுவதற்கும் அடிப்படை இவ்வளவுதான்.

மாதிரித் தேர்வில் இதே கணக்கு 30, 15, 7 1/5, 6 என்ற நான்கு விடைகளோடு வந்தது. 30 என்பது இரண்டு நாட்களையும் கூட்டினால் வருவது. 15 சராசரி, வராந்தாவில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் குறித்திருந்தார்கள். வினா எடுப்பவர் தேர்வர் எங்கே வழுக்குவார் என்று கணித்து, வழுக்குகிற இடத்திலெல்லாம் ஒரு விடையை வைத்துவிடுகிறார். “பன்னெண்டு நாள்ல முடிக்கிற ஆளுக்குத் துணைக்கு ஒருத்தர் வந்தா நாள் கூடுமா, குறையுமா?” என்று சார் கேட்டதும் வகுப்பே சிரித்தது. 30, 15 இரண்டும் அந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப்போயின. இன்னும் நெருங்கவும் வழி உண்டு. இருவருமே 12 நாள் ஆட்களாக இருந்தால் 6 நாள் ஆகும். இருவருமே 18 நாள் ஆட்களாக இருந்தால் 9 நாள் ஆகும். உண்மை விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். 6-உம் போனால் மிச்சம் ஒன்றுதான். பேனாவை எடுக்காமலே விடை வந்துவிடுகிறது.

பின்னம் என்றாலே ஒதுங்குகிறவர்களுக்கு மீ.சி.ம முறை கைகொடுக்கும். 12, 18 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 36. முழு வேலையை 1 என்பதற்குப் பதிலாக 36 அலகு என்று வைத்துக்கொண்டால், முதலாமவர் நாளுக்கு 3 அலகு, இரண்டாமவர் 2 அலகு, இருவரும் 5 அலகு. 36-ஐ 5-ஆல் வகுத்தால் முடிந்தது. தேர்வு மையத்தில் பலரும் இந்த முறையில்தான் போடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் உண்டு: இரண்டு நாட்களின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுப்பது. 12 × 18 = 216; 216-ஐ 30-ஆல் வகுத்தால் அதே 7 1/5. கைடுகளில் இதுதான் முதல் பக்கத்தில் இருக்கும். இதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், மூன்றாவது ஆள் கணக்குக்குள் வந்ததும் மூன்றையும் பெருக்கி மூன்றின் கூட்டலால் வகுத்துவிட்டு, விடைப்பட்டியலில் அப்படி ஒன்று இல்லையே என்று தேடுவார்கள்.

ஒருவர் 20 நாள், மற்றவர் 80 நாள், சேர்ந்தால் எத்தனை நாள் என்ற கணக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையில் இருந்தது. மகளை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், மற்றவர்கள் மீ.சி.ம எடுத்துக்கொண்டிருந்தபோதே, “பதினாறு நாள்” என்றார். அவருடைய அப்பா பண்ணைக் கணக்கு எழுதியவர். எண்சுவடி வாய்பாடு வீட்டிலேயே காதில் விழுந்து வளர்ந்தவர். “ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தா மாகாணிதானே தம்பி?” மா என்பது 1/20, காணி என்பது 1/80, மாகாணி 1/16. கூட்டிப் பார்த்தால் 4/80 + 1/80 = 5/80 = 1/16; சரியாகவே இருந்தது. எல்லாப் பின்னத்துக்கும் இந்த வாய்பாடு உதவாது. ஆனால் ஒரு நாள் வேலை என்பது பின்னக் கூட்டல்தான் என்பதும், பின்னம் பழகிய வாய்க்கு இந்தப் பாடத்தில் பயமில்லை என்பதும் அன்று வகுப்பில் எல்லாருக்கும் விளங்கியது.

அடுத்த படி கழித்தல். இருவர் சேர்ந்து 8 நாளில் முடிக்கும் வேலையை ஒருவர் தனியாக 12 நாளில் முடித்தால், மற்றவருக்கு எத்தனை நாள்? 24 அலகு என்று வைத்தால் சேர்ந்து நாளுக்கு 3, ஒருவர் 2, மற்றவர் 1. அவருக்கு 24 நாள். இதன் நீட்சி மூன்று பேர் ஜோடி ஜோடியாக வரும் கணக்கு. ராஜாவும் குமாரும் 12 நாள், குமாரும் மணியும் 15 நாள், மணியும் ராஜாவும் 20 நாள் என்றால் 60 அலகு. ஜோடிகள் நாளுக்கு முறையே 5, 4, 3, கூட்டினால் 12. இந்தக் கூட்டலில் ஒவ்வொருவரும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறார்கள். ஆகவே மூவரின் உண்மையான ஒரு நாள் வேலை 6 அலகு. மூவரும் சேர்ந்தால் 10 நாள். 6-இலிருந்து குமார், மணி ஜோடியின் 4-ஐக் கழித்தால் ராஜாவுக்கு 2 அலகு, தனியாக 30 நாள். அதே வழியில் குமாருக்கு 20 நாள், மணிக்கு 60 நாள். இரண்டால் வகுக்க மறப்பது இந்த வகையில் வழக்கமான சறுக்கல்.

இடையில் விலகிப்போகும் கணக்கில் மொழியைக் கவனிக்க வேண்டும். ‘5 நாள் கழித்து விலகினார்’ என்பதும் ‘வேலை முடிய 5 நாள் இருக்கும்போது விலகினார்’ என்பதும் வேறு வேறு. ஒருவர் 20 நாள், மற்றவர் 30 நாள்; சேர்ந்து தொடங்கி, வேலை முடிய 5 நாள் இருக்கும்போது முதலாமவர் போய்விட்டார் என்று வைத்துக்கொண்டால், 60 அலகில் கடைசி 5 நாளும் இரண்டாமவர் நாளுக்கு 2 அலகு வீதம் தனியாகச் செய்தது 10. மிச்சம் 50 அலகு, இருவரும் நாளுக்கு 5 வீதம் 10 நாளில் செய்தது. மொத்தம் 15 நாள். கடைசியிலிருந்து பின்னோக்கி வந்தால் சமன்பாடே தேவைப்படாது. ஒருவர் ஒரு நாள், அடுத்தவர் மறுநாள் என்று மாறி மாறிச் செய்யும் கணக்கில் இரண்டு நாளை ஒரு சுற்றாகக் கொள்ள வேண்டும். 9 நாள் ஆளும் 12 நாள் ஆளும் மாறி மாறிச் செய்தால், 36 அலகில் ஒரு சுற்றுக்கு 7. ஐந்து சுற்றில், அதாவது 10 நாளில், 35 அலகு முடிந்து ஒன்று மிஞ்சும். 9 நாள் ஆள் தொடங்கியிருந்தால் மிச்சத்துக்குக் கால் நாள். 12 நாள் ஆள் தொடங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு நாள். 10 1/4, 10 1/3 இரண்டும் விடைப்பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

ஆட்கள், நாட்கள், மணி நேரம் மூன்றும் சேரும் கணக்கின் வேர் ஏழாம் வகுப்புப் பாடநூலின் நேர், எதிர் விகிதத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பின் வாழ்வியல் கணிதத்தில் அது காலமும் வேலையுமாக வளர்கிறது. 18 பேர் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்து 10 நாளில் முடிக்கும் வேலையை 12 பேர் நாளுக்கு 6 மணி நேரம் உழைத்தால் எத்தனை நாளில் முடிப்பார்கள்? வேலையின் அளவு 18 × 8 × 10 = 1440 ஆள்மணி. புதிய ஆட்கள் நாளுக்கு 72 ஆள்மணி தருகிறார்கள். 20 நாள் ஆகும். எது நேர், எது எதிர் என்று அம்புக்குறி போட்டுக் குழம்புவதைவிட மொத்த உழைப்பை ஒரே எண்ணாக்கிவிடுவது எளிது.

இந்தக் கணக்கு நடந்தபோதுதான், கொத்தனாருக்குக் கையாளாகப் போய்வந்த ஒரு பையன் எழுந்தான். “சார், பத்தடிச் செவுத்துல முப்பது பேரை நிறுத்தினா யாரும் கல்லே வைக்க முடியாது சார். இடிச்சுக்கிட்டுதான் நிப்பாங்க.” அவன் சொன்னதில் தப்பில்லை. எல்லா ஆளும் ஒரே வேகம், எல்லா நாளும் ஒரே வேகம், ஆள் கூடினாலும் இட நெருக்கடி இல்லை, கலவை வரக் காத்திருப்பதில்லை, மழையில்லை என்ற நிபந்தனைகள் இந்தக் கணக்குகளுக்கு உள்ளே சொல்லாமல் கிடக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் பெருக்கலும் வகுத்தலும் நிற்காது. “கணக்குல மேஸ்திரி கிடையாது தம்பி. எல்லாரும் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே மாதிரி வேலை செய்வாங்க. வெளியில வந்து நீ சொல்றதுதான் சரி” என்றார் சார். நிபந்தனை இன்னது என்று தெரிந்து போட்டால் கணக்கின் மீது அவநம்பிக்கை வராது. தெரியாமல் போடுகிறவருக்கு விடை வந்தாலும் ஏதோ ஏமாற்று வேலை போலவே இருக்கும்.

ஆண்கள், பெண்கள் கணக்கிலும் அப்படி ஒரு நிபந்தனை உண்டு. 4 ஆண்கள் அல்லது 6 பெண்கள் ஒரு வேலையை 20 நாளில் முடிப்பார்கள். 6 ஆண்களும் 11 பெண்களும் சேர்ந்தால் எத்தனை நாள்? ‘அல்லது’ என்று இருந்தால் வேலை சுலபம்: 4 ஆண் = 6 பெண். ஆகவே 6 ஆண் = 9 பெண்; மொத்தம் 20 பெண்கள். 6 பெண்கள் 20 நாள் என்றால் 120. அதை 20-ஆல் வகுத்தால் 6 நாள். ‘அல்லது’ இருக்கும் இடத்தில் ‘மற்றும்’ வந்தால் ஒரே வரி போதாது. இரண்டு தகவல் தந்து இரண்டு சமன்பாடு போட வைப்பார்கள். வேகமாகப் படிப்பவர்கள் இந்த ஒரு சொல்லில் சறுக்குவார்கள்.

இந்த வகைக் கணக்குகள் எல்லாவற்றிலும் ஆணே அதிகம் செய்பவராக வருவதை நடவுக்குப் போய்க்கொண்டே படித்த ஒரு பெண் கவனித்துவிட்டார். “நாத்து நடவுல ஆம்பளைங்க எங்க பாதி வேகத்துக்குக்கூட வரமாட்டாங்க சார். அதையும் ஒரு கணக்கா எடுங்க.” சார் உடனே பலகையை அழித்து எண்களைத் திருப்பிப் போட்டார்: 4 பெண்கள் அல்லது 6 ஆண்கள் ஒரு வயலை நட 20 நாள், 6 பெண்களும் 11 ஆண்களும் எத்தனை நாள்? விடை அதே 6. யார் எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கின் நடை மாறுவதில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் தர வேண்டும் என்று, அப்போது நடைமுறையில் இருந்த 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னதும் அன்றைய வகுப்பில் பேச்சோடு பேச்சாக வந்தது. பொது அறிவுப் பகுதிக்கும் அது பயன்பட்டது.

கூலிக் கணக்கில் நாள் விகிதத்தில் பணத்தைப் பிரிக்கக் கூடாது. செய்த வேலையின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். ஒரு வேலைக்குக் கூலி 6000 ரூபாய். ஒருவர் 10 நாளிலும் மற்றவர் 15 நாளிலும் முடிப்பார்கள்; மூன்றாமவர் துணையோடு 5 நாளில் முடித்துவிட்டார்கள். 30 அலகில் முதலாமவர் நாளுக்கு 3, அடுத்தவர் 2. 5 நாளில் முடிய நாளுக்கு 6 வேண்டும். மூன்றாமவர் செய்தது 1. கூலி 3 : 2 : 1 என்று பிரிந்து 3000, 2000, 1000 ஆகும். 10-உம் 15-உம் கண்ணில் படுவதால் 2 : 3 என்று தலைகீழாகப் பிரித்துவிடுவது இங்கே நடக்கும் தவறு. அதிக நாள் எடுப்பவர் மெதுவாகச் செய்பவர், அவருக்குக் கூலி குறைவு என்பதை ஒரு நொடி நினைத்தாலே அது நிகழாது.

குழாய்க் கணக்கை ஆர்.எஸ்.அகர்வால் புத்தகம் தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கிறது. உள்ளே இருப்பது இதே பாடம்தான். காலியாக்கும் குழாய்க்குக் கழித்தல் குறி வரும், அவ்வளவே வித்தியாசம். 6 மணி நேரத்தில் நிரப்பும் குழாயும் 8 மணி நேரத்தில் காலி செய்யும் குழாயும் ஒன்றாகத் திறந்திருந்தால், 24 அலகில் 4 வந்து 3 போகிறது. நிரம்ப 24 மணி நேரம்.

தொட்டி நிரப்பும் கணக்கு மிகப் பழையது. சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூலில் ஐந்து வாய்க்கால்கள் ஒரு குளத்தை நிரப்பும் கணக்கு இருக்கிறது. முதல் வாய்க்கால் மட்டும் திறந்தால் 1/3 நாள், மற்றவை தனித்தனியே 1, 2 1/2, 3, 5 நாள். ஒரு நாள் வேலையாக மாற்றிக் கூட்டினால் 74/15. ஐந்தும் சேர்ந்து 15/74 நாளில் நிரப்பும். இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் நான்கு நீரூற்றுகள் ஒரு தொட்டியை முறையே 1, 1/2, 1/3, 1/6 நாளில் நிரப்புகின்றன. ஒரு நாளில் எத்தனை தொட்டி என்று பார்த்தால் 1 + 2 + 3 + 6 = 12; நான்கும் சேர்ந்தால் 1/12 நாள். பயிலும் வட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டபோது யாருக்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. பலகையில் கோடு போட்டு எழுதிய அதே கேள்விதான் அங்கேயும் கேட்கப்பட்டிருந்தது.

தேர்வு அறையில் நேரம் தனிக் கணக்கு. 200 வினாக்களுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு வினாவுக்கு 54 வினாடி. தமிழ்ப் பகுதியின் 100 வினாக்களில் மிச்சப்படும் நேரம்தான் கணக்குக்குச் சேமிப்பு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், ஜோடிக் கணக்கு, மாறி மாறிச் செய்யும் கணக்கு போன்ற நீளமானவற்றைக் குறியிட்டுத் தள்ளிவைத்துவிட்டுக் கடைசியில் வருவது நல்லது. முதல் பார்வையிலேயே எல்லையைப் பார்த்து இரண்டு விடைகளை நீக்குவது, பிறகு மீ.சி.ம எடுப்பது, விடையைக் கேள்வியில் திரும்பப் போட்டுப் பார்ப்பது என்ற மூன்று படியையும் வினாத்தாளின் காலியிடத்தில் மூன்று வரியில் முடித்துவிடலாம். வட்டத்தைக் கருப்பாக்குவதற்கு முன் வினா எண்ணையும் விடைத்தாள் எண்ணையும் ஒரு முறை ஒப்பிட வேண்டும். கணக்கு சரியாக வந்து வட்டம் தவறிப்போனால் பலனில்லை.

பயிற்சியில் வரிசை முக்கியம். பின்ன முறையில் சில நாள் பொறுமையாகப் போட வேண்டும். அது கைவந்த பிறகு மீ.சி.ம முறை, குறுக்குவழி கடைசியில். தலைகீழாகத் தொடங்கியவர்கள் இருபது சூத்திரங்களைச் சுமந்துகொண்டு இருபத்தோராவது வகைக் கணக்கில் நின்றுவிட்டார்கள். ஒரு நாள் வேலையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அப்படி நிற்க நேரவில்லை. தேர்வாணையத்தின் பழைய வினாத்தாள்கள் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றிலிருந்து காலமும் வேலையும் கணக்குகளை மட்டும் பிரித்தெடுத்து ஒவ்வொன்றையும் ஒரு நாள் வேலையில் தொடங்கிப் போட்டுப் பார்ப்பவருக்கு, இந்தப் பாடத்துக்கென்று தனியாக ஒரு கைடு வாங்க வேண்டியதில்லை.